தழும்பு இல்லாத வலி

கல்லடைப்புக்கு ஆபரேஷன் ஆனவர் என்பது முன்பெல்லாம் சட்டையைக் கழற்றினாலே தெரிந்துவிடும். விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் தொடங்கி வயிற்றை நோக்கிச் சரியும் ஒரு சாண் தழும்பு. எழுபதுகளின் கடைசியில் ஆபரேஷன் செய்துகொண்ட எங்கள் பெரியப்பாவுக்கு அது இருந்தது. எடுத்த கல்லை ஒரு மருந்துப் புட்டியில் போட்டுக் கையில் கொடுத்திருந்தார்கள். புளியங்கொட்டை அளவு, சொரசொரவென்று பழுப்பாக இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பீரோவைத் திறந்து எடுத்துக் காட்டுவார்.

அன்று கல் இருப்பதைக் கண்டுபிடிப்பதே ஒரு பாடு. முதல் நாள் இரவு விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். மறுநாள் நரம்பில் மருந்து ஏற்றி, விட்டு விட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். பிறகு கத்தி. தசையை அறுத்து, சில சமயம் விலா எலும்பில் ஒரு துண்டையும் வெட்டியெடுத்துத்தான் சிறுநீரகத்தை எட்ட முடியும். வெளியே வரும்போது விலாவில் ரப்பர் குழாய், கட்டிலடியில் பாட்டில். குடத்தைத் தூக்கவே மாதக்கணக்காகும்.

இது மாறியது ஏறக்குறைய ஒரே சமயத்தில். 1976-ல் ஸ்வீடனில் முதுகில் சிறு துளையிட்டுக் கல்லை எடுத்துக் காட்டினார்கள். 1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் ம்யூனிக் நகரில், உடலுக்கு வெளியிலிருந்தே அதிர்வலை செலுத்தி ஒருவருடைய கல்லை முதன்முதலாக உடைத்தார்கள். பின்னர் சிறுநீர்ப் பாதை வழியாகவே நுழையும் மெல்லிய கருவியும், கல்லைப் பொடியாக்கும் லேசரும் வந்தன. இன்று பலர் மறுநாளே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் உள்ளே ஒரு குழாய் இருக்கிறது. ‘டிஜே ஸ்டென்ட்’ என்பார்கள். இரு முனையும் சுருண்ட இந்த வடிவம் 1978-ல் வந்தது. மேல் சுருள் சிறுநீரகத்தில், கீழ்ச் சுருள் சிறுநீர்ப்பையில். கல்லை எடுத்த பாதை வீங்கி அடைத்துக்கொண்டால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்பதால்தான் வைக்கிறார்கள். நல்ல காவல்தான், ஆனால் படுத்தும். கீழ்ச் சுருள் பையில் உரசிக்கொண்டே இருப்பதால், போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடம் மறுபடியும் முட்டும். சிறுநீர் கழிக்கும்போது பையின் அழுத்தம் குழாய் வழியே மேலேறி விலாவைச் சுண்டி இழுக்கும். மாடிப்படி ஏறினாலும், வண்டியில் பள்ளத்தில் இறங்கினாலும் சிறுநீர் சிவந்து போகும். தாம்பத்தியத்திலும் வலி இருக்கும். அதைக் கேட்கக் கூச்சப்பட்டே பலர் வாயைத் திறப்பதில்லை. 2003-ல் பிரிட்டனில் இந்த அவதியை அளப்பதற்கென்றே ஒரு வினாத்தாள் உருவாக்கினார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களில் ஐந்துக்கு நான்கு பேர் வரை ஏதோ ஒரு தொல்லையைச் சொன்னார்கள்.

அப்படியிருந்தும் இதை முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறவர்கள் குறைவு. முதல் முறை ரத்தத்தைப் பார்த்ததும் ஆபரேஷனே தோற்றுவிட்டது என்று பயந்து அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குழாய் இருக்கும்வரை இளஞ்சிவப்பாகப் போவது வழக்கம், தண்ணீர் குடித்தால் தெளியும் என்று ஒரு வார்த்தை போதும். டாம்சுலோசின் போன்ற மாத்திரை பலருக்குக் கடுப்பைத் தணிக்கும். வலிக்கிறது என்று சொன்னால்தானே எழுதிக்கொடுப்பார்கள்? குளிரோடு காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கட்டி கட்டியாகப் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ மட்டும் பொறுத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எனக்கு வருத்தம் தருவது இன்னொன்று. தழும்பு இருந்த காலத்தில் ஓய்வும் இருந்தது. பெரியப்பாவைப் பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டிலோடு சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். யாரும் அவரை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. இன்று “லேசர்தானே?” என்று கேட்டுவிட்டு நாளை மறுநாளே வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-ல்தான். குழாயோடு நிற்கும் அவள் கழிப்பறைக்கு எத்தனை முறை அனுமதி கேட்பாள்? போகாமலிருக்கத் தண்ணீரைக் குறைப்பாள். கல்லுக்கு அதைவிட வசதி வேறில்லை.

வாழைத்தண்டுச் சாறு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பாலை நிறுத்து என்ற பழைய அறிவுரை மட்டும் போய்விட்டது. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், பாலைக் குறைக்காமல் உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். தினமும் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள்.

அன்று இல்லாத ஓர் ஆபத்தும் இன்று இருக்கிறது. கடுப்பு பழகிப்போய், கல்தான் போய்விட்டதே என்று குழாயை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. சில மாதங்களுக்கு மேல் விட்டால் அதன் மீதே உப்புப் படிந்து கல் கட்டும். சிறுநீரகத்தையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். உரிய நாளில் போனால், மரத்துப்போக ஜெல் தடவிச் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த நாள் ஆங்கிலத்தில் ஒரு வரியாகக் கிடக்கிறது. அந்தத் தேதியைத் தமிழில் பெரிதாக எழுதி, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி, நோயாளியின் செல்போனிலும் பதிந்துகொடுத்த பிறகே படுக்கையிலிருந்து அனுப்ப வேண்டும்.