முன்வாசலில் கேள்வி, பின்வாசலில் பதில்

செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள். உள்ளே குளிரும். விசிறிகள் போடுகிற இரைச்சலில் நான் கத்தித்தான் பேச வேண்டியிருக்கும். அதோ, இரண்டாவது தட்டில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் இன்றைக்குக் கதாநாயகர். லினக்ஸ் ஓடும் சாதாரண சர்வர். முதுகைப் பாருங்கள், இரண்டு கேபிள். இரண்டும் வெவ்வேறு இணைய நிறுவனங்களின் லைன். ஒன்று படுத்துக்கொண்டால் மற்றது கைகொடுக்கும் என்று வாங்கியது. இரண்டும் நன்றாக ஓடிய நாளில்தான் வம்பே ஆரம்பித்தது!

உண்மையான முகவரிகளை வெளியே சொல்லக் கூடாது. உதாரணத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் எண்களைச் சொல்கிறேன். முதல் லைனில் இவர் 198.51.100.7. இரண்டாவது லைனில் 203.0.113.7. வெளியூர் போக வழக்கமான வழி முதல் லைன்.

வந்த புகார் இதுதான்: இரண்டாவது முகவரியைத் தட்டினால் இணையதளம் திறக்கவில்லை. திரையைப் பாருங்கள். கேபிளுக்கு ஒரு ஜன்னலாக, போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓடவிட்டிருக்கிறேன். இடது முதல் லைன், வலது இரண்டாவது. வலது ஜன்னலில் கேள்வி வந்து விழுகிறது. பதில் எங்கே? இடது ஜன்னலில்! முதல் தடவை இதைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.

வழி தேடும்போது கர்னல் ஒரே கேள்விதான் கேட்கிறது: எங்கே போகணும்? எந்த வாசல் வழியாக வந்தது என்பதெல்லாம் அதற்கு வேண்டாத விஷயம். ஆக, இரண்டாவது லைனின் முகவரியை நெற்றியில் ஒட்டிக்கொண்டு பாக்கெட் முதல் லைன் வழியாகக் கிளம்புகிறது. அந்த நிறுவனத்தின் ரூட்டர், ‘இது நம்ம வீட்டுப் பிள்ளை இல்லையே’ என்று சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுகிறது. அதைத் திட்டாதீர்கள். பொய் முகவரியோடு வருவதை வாசலிலேயே நிறுத்தச் சொல்லி 2000-இலேயே ஆர்எஃப்சி 2827 என்ற இணைய நெறி ஆவணம் வந்துவிட்டது.

(இடது ஜன்னலிலும் பதில் வராத சர்வர்கள் உண்டு. வந்த வாசல் வழியாகவே திரும்பிப் போக வழி இல்லாத பாக்கெட்டைக் கீழே போடும் ஆர்பி ஃபில்டர் அங்கே 1 என்று இருக்கிறதா பாருங்கள். டிசிபிடம்ப் வாசற்படியில் நிற்கிறது. ஃபில்டர் அதற்கு உள்ளே. வந்தவரை வாசலில் பார்த்தோமே, கூடத்தில் காணோமே என்று விழிக்க வைக்கும்.)

வைத்தியம் அழகானது. 100 என்ற எண்ணில் தனியாக ஒரு ரூட்டிங் டேபிள். அதில் இரண்டாவது லைன்தான் வெளியூர் வழி. பிறகு ஐபி ரூலில் ஒரு வரி: 203.0.113.7-இலிருந்து கிளம்புகிறவர்கள் டேபிள் 100-ஐப் பார்க்கவும். தளம் திறந்தது! டீ வந்தது!

டீ ஆறவில்லை, அடுத்த புகார். அதே சர்வரில் ஒரு டிஎன்எஸ் சேவையும் ஓடுகிறது; இரண்டாவது முகவரியில் கேட்டால் பதிலே இல்லை. ரூல் போட்டாயிற்றே! வீட்டு லேப்டாப்பிலிருந்து கேட்டேன், மௌனம். நேரடியாகப் பொது முகவரி உள்ள இன்னொரு இயந்திரத்திலிருந்து டிக் என்ற டிஎன்எஸ் கட்டளையை அடித்தேன். அது கோள்மூட்டிவிட்டது: பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறதாம். கேட்டது 203-ஐ, பதில் சொல்வது 198! லேப்டாப்புக்கு முன்னால் இருந்த வீட்டு ரூட்டர், இந்த அந்நியனை உள்ளேயே விடவில்லை.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த காட்சி. கிட்டே வாருங்கள். டிசிபியில் இணைப்பு உண்டானதுமே இரு தரப்பு முகவரியும் முடிவாகிவிடும். யுடிபியில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இந்தச் சேவையோ எல்லா முகவரிக்கும் சேர்த்து 0.0.0.0 என்று ஒரே காதைத் திறந்து வைத்திருந்தது. பதில் அனுப்பும்போது, யார் பெயரில் அனுப்ப வேண்டும் என்று அது சொல்லவே இல்லை. கர்னல் தானே பெயர் சூட்ட வேண்டும். பெயர் சூட்ட வழி தெரிய வேண்டும். வழி தேடும் அந்தக் கணத்தில் அனுப்புநர் முகவரி காலி! ‘203-இலிருந்து கிளம்பினால்’ என்ற என் ரூல் காலி இடத்தோடு எப்படிப் பொருந்தும்? பொருந்தாமல் பழைய டேபிளுக்கே போய், முதல் லைனைப் பிடித்து, அந்த லைனின் பெயரையே சூட்டிவிட்டது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்!

கண்ணாலேயே பார்க்கலாம். ‘ஐபி ரூட் கெட்’ என்று வெளியூர் முகவரி ஒன்றைக் கொடுத்தால், எஸ்ஆர்சி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 198. அதே கட்டளையில் ‘ஃப்ரம் 203.0.113.7’ சேர்த்தால் இரண்டாவது லைன். ஒரே சர்வர், ஒரே கேள்வி, இரண்டு பதில்.

ஐபிவி6 பக்கம் போனால் பெயர் சூட்டுவதற்கே 2012-இன் ஆர்எஃப்சி 6724 எட்டு விதிகள் வைத்திருக்கிறது. எட்டா? ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் 5.5 என்று ஒன்று செருகியிருக்கிறார்கள்! அதை எழுதியவர்களைக் கட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் சேவைக்கு மருந்து ஒரு வரிதான். ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனிக் காது திறந்தோம். பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருள் வெகு காலமாக இப்படித்தான் செய்கிறது. இவ்வளவு பட்டபிறகுதான் காரணம் புரிந்தது.

உங்கள் லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தால் வைஃபையையும் கேபிளையும் ஒன்றாகப் போட்டுவிட்டு அந்த ஐபி ரூட் கெட்டை இன்றைக்கே ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.