தத்துப்பூச்சி பிடிக்க ஒரு உறிஞ்சுக் குப்பி

மண்டகப்பட்டு என்றதும் மகேந்திரவர்மனின் குடைவரைக் கோயில்தான் பலருக்கு நினைவு வரும். எனக்கு அங்கே பெரியப்பாவின் மல்லாட்டைக் கொல்லையும் உண்டு. போன தடவை போனபோது, "இலை நுனியெல்லாம் மஞ்சளாவுது, என்னப்பா மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டார்.

"முதல்ல என்ன பூச்சின்னு பாத்துடலாம் பெரியப்பா" என்றேன்.

நுனியில் 'V' வடிவில் மஞ்சளானால் தத்துப்பூச்சியாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு என்றால் இளம் இலையில் நரம்புகளுக்கு இடையே வெளுக்கும். அதற்குப் பூச்சிமருந்து வீண். தத்துப்பூச்சி 3 மி.மீ.தான் இருக்கும். கை வைத்தால் ஓடும், பிடித்தால் நசுங்கும். அதனால் உறிஞ்சித்தான் பிடிக்கணும். இந்தக் கருவிக்கு ஆங்கிலத்தில் 'பூட்டர்' என்று பெயர். தத்துப்பூச்சி ஆராய்ந்த அமெரிக்கர் எஃப். டபிள்யூ. பூஸ் நினைவாக வந்தது.

தேவையானவை: அகல வாய் உள்ள தெளிவான மாத்திரை டப்பா, மீன்தொட்டிக் குழாய் 2 துண்டு (15 செ.மீ., 40 செ.மீ.), பழைய வேட்டித் துணி, நூல், எம்-சீல்.

மூடியில் இரண்டு துளை போடுங்கள். சின்னக் குழாய் டப்பாவின் பாதி ஆழம் வரை போகட்டும். பூச்சி வரும் வழி இது. நீளக் குழாய் மூடிக்குக் கீழே சற்றே நீட்டினால் போதும். அதன் உள்முனையில் துணியை இரண்டாக மடித்து இறுக்கிக் கட்டுங்கள். துளைகளைச் சுற்றி எம்-சீல் வையுங்கள்.

நீளக் குழாயில் உறிஞ்சும்போது டப்பாவில் காற்றழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று சின்னக் குழாய் வழியே பூச்சியோடு உள்ளே பாய்கிறது. சின்னக் குழாயை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள்; காற்று வந்தால் எங்கோ ஒழுகுகிறது. பிறகு தட்டில் கசகசா போட்டுப் பழகுங்கள்.

துணி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். அலாஸ்காவில் இப்படிப் பூச்சி சேகரித்த பால் ஹர்ட் என்பவரின் மூக்குப் புழைகளில் பூச்சிகள் வளர்ந்து வெளியே வந்ததை 1954-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியிருக்கிறார். வலைத்தடுப்பு இருந்தும் அந்தக் கதி! மண், சாணம், எறும்பு பக்கம் போகாதீர்கள். மருந்து அடித்த வயலில் வாயே வைக்காதீர்கள். ஒருவர் வாய் வைத்த குழாயை இன்னொருவர் கழுவாமல் தொடக்கூடாது.

பெரியப்பாவின் டப்பாவில் பச்சைத் தத்துப்பூச்சிகள் நிறைய வந்தன. கூடவே இரண்டு பொறிவண்டு, ஒரு குட்டிச் சிலந்தி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மருந்தடிச்சா இதுங்களும் செத்துடுமா?" என்றார்.

"பல மருந்துல செத்துடும் பெரியப்பா."

குழாய் முனையில் பஞ்சை அடைத்து, டப்பாவை அப்படியே வேளாண் அலுவலரிடம் காட்டிவிட்டு முடிவெடுப்பதாகச் சொன்னார். நீங்களும் அதைச் செய்யலாம்.