தேயிலைக் கம்பெனியின் கணிப்பொறி



ரிங்லெட் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் சம்பளக் கணக்கு என்றதும் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது கிராணியாரின் செக்ரோல் புத்தகம். அதில் பேர் விழுந்ததா, கொழுந்தின் எடை சரியாக ஏறியதா என்பதைப் பொறுத்தே வீட்டு அரிசியும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அமைந்தன. இன்று அத்தகைய கணக்கைப் பெரும்பாலும் கணிப்பொறி போடுகிறது. "இயந்திரம் போட்ட கணக்கு, தவறாது" என்று சிலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். "இயந்திரத்தை நம்பவே கூடாது" என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?

இதற்கு விடை காண, அலுவலக வேலையை வழக்கமாகச் செய்த உலகின் முதல் கணிப்பொறியின் கதையைப் பார்ப்போம். அதை அமைத்தது ஒரு தேயிலைக் கம்பெனி என்பது நமக்கு வியப்பாக இருக்கும். இங்கிலாந்தில் தேயிலையும் கேக்கும் விற்று, ஊர் ஊராகத் தேநீர்க் கடைகள் நடத்திய ஜே. லயன்ஸ் கம்பெனிதான் அது. நம் லயன் வீடுகளுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை! கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் உருவாக்கிய கணிப்பொறியைப் பின்பற்றி, ஜான் பிங்கர்டன் என்ற பொறியாளர் தலைமையில் லண்டனில் இது அமைக்கப்பட்டது. 'லியோ' என்று பெயரிட்டார்கள். 1951 நவம்பரில் அது ரொட்டித் தொழிற்சாலையின் கணக்கைப் போடத் தொடங்கியது.

லியோ ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குள் ஏறக்குறைய 6,000 வால்வுகள் இருந்தன. பழைய ரேடியோப் பெட்டியில் சிவந்து எரியுமே, அதே வகை வால்வுதான். ரேடியோவில் ஒரு வால்வு போனால் பாட்டு நின்றுவிடும், அவ்வளவுதான். ஆறாயிரத்தில் ஒன்று தளர்ந்தால் என்ன ஆகும்? கணிப்பொறி நின்றுபோகலாம். அதைவிட மோசமானது, நிற்காமலே தவறான விடையைத் தருவது.

எண்களை நினைவில் வைக்கப் பாதரசம் நிரம்பிய நீண்ட குழாய்கள் இருந்தன. ஒலித்துடிப்புகளாக எண்கள் அவற்றில் சுற்றிச் சுற்றி ஓடின. பாதரசத்தின் வெப்பம் மாறினால் ஒலியின் வேகமும் மாறும், கணக்குக் குழம்பும். விவரங்களை விரைவாக ஏற்றி இறக்கக் காந்த நாடாவையும் முயன்று பார்த்தார்கள். அது அடிக்கடி பழுதானதால் கைவிட்டு, துளையிட்ட அட்டைகளையும் காகித நாடாவையும் கொண்டே வேலையை நடத்தினார்கள்.

அட்டைகளுக்கும் அவற்றுக்கே உரிய தொல்லைகள் உண்டு. ஈரக் காற்றில் அட்டை உப்பி இயந்திரத்தில் சிக்கிக்கொள்ளும். கட்டு கைதவறி விழுந்தால் வரிசை கலைந்துவிடும். அதனால் பல அலுவலகங்களில் கட்டின் மேல்விளிம்பில் சாய்வாக ஒரு கோடு இழுத்து வைப்பார்கள். கோடு நேராக வந்தால் வரிசை சரி என்று பொருள்.

இத்தனை கோளாறுகள் உள்ள இயந்திரத்தை நம்பித் தொழிலாளரின் கூலியை ஒப்படைப்பது எப்படி? இங்கேதான் லயன்ஸ்காரர்களின் பொறுப்பைக் காண்கிறோம். மழைக்கு முன் கூரையைத் தட்டிப் பார்ப்பதுபோல, வேலை தொடங்குமுன் மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் சோதித்தார்கள். தளர்ந்த வால்வுகள் அப்போதே தெரிந்துவிடும், உடனே மாற்றிவிடுவார்கள். சம்பளக் கணக்கையோ எடுத்த எடுப்பில் இயந்திரத்திடம் விட்டுவிடவில்லை. எழுத்தர்கள் கையால் போட்ட கணக்கோடு இயந்திரத்தின் கணக்கை வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1954 பிப்ரவரியில்தான் லியோ போட்ட கணக்கின்படி சம்பளம் வழங்கினார்கள். தேர்ந்த எழுத்தருக்கு 8 நிமிடம் பிடித்த ஒருவரின் கணக்கை அது ஒன்றரை விநாடியில் முடித்தது.

நேயர்களே, வால்வும் பாதரசக் குழாயும் மறைந்துவிட்டன. லியோவும் 1965-இல் ஓய்வு பெற்றது. ஆனால் ஒரு குறை மட்டும் எந்தக் கணிப்பொறியையும் விட்டுப் போகவில்லை. சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும். நிறுக்கும் இடத்தில் 42 கிலோவை 24 என்று எழுதிவிட்டால், உலகின் சிறந்த கணிப்பொறியும் 24 கிலோவுக்குத்தான் கூலி போடும். அதுவும் மிக வேகமாகப் போடும். அன்று துளையிடும் அலுவலகங்களில் ஒருவர் பதிந்ததை மற்றொருவர் மீண்டும் பதிந்து சரிபார்த்தது இதற்காகத்தான்.

அந்த இரண்டாவது சரிபார்ப்பை நம் வீட்டிலும் செய்யலாம். ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். வேலை செய்த நாள், கொழுந்தின் எடை, மிகைநேரம் ஆகியவற்றை அன்றன்றே குறித்து வையுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால், அவர்களுக்குக் கணக்கும் படியும். சம்பளச் சீட்டு வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் பிடித்த தொகையையும் பாருங்கள். வேறுபாடு இருந்தால் நோட்டுப் புத்தகத்தோடு அலுவலகத்துக்குச் சென்று பணிவாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள். சீட்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கணக்கைக் கேட்பது யாரையும் குறை சொல்வதாகாது. அந்தத் தேயிலைக் கம்பெனியே தன் இயந்திரத்தைச் சோதிக்காமல் நம்பவில்லை. உழைத்தவர் மட்டும் சோதிக்காமல் நம்ப வேண்டுமா?