அகதிக்கு செல்போன் ஆடம்பரமா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் கேட்டாரு: "சோத்துக்கே வரிசையில நிக்கிற அகதிக்கு செல்போன் எதுக்கு?" கேக்க நல்லாத்தான் இருக்கு. நடந்ததைச் சொல்றேன், அப்புறம் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க.

2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மரிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்கு ஓடி வந்தார்கள். காக்ஸ் பஜார் குன்றுகளில் மூங்கிலும் தார்ப்பாயும் வெச்சுக் குடிசை. 2019 செப்டம்பரில், பாதுகாப்பைக் காரணம் காட்டி, முகாம்களில் அதிவேக இணையத்தை வங்கதேச அரசு நிறுத்தியது. ஆறே மாசத்துல அந்த நாட்டுக்குக் கொரோனா வந்தது! 2020 மே மாதம் முகாமுக்குள்ளேயே முதல் நோயாளி.

அறிகுறி என்ன, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்பதெல்லாம் நமக்கு உள்ளங்கையில வந்து விழுந்தது. அவங்களுக்கு? வதந்திதான் வந்தது! "நோய் இருக்குன்னு தெரிஞ்சா கொன்னுடுவாங்க"ன்னு பேச்சு. காய்ச்சலை மறைச்சாங்க, ஐயா!

நோட்டீஸ் ஒட்டலாமேன்னு கேப்பீங்க. படிக்கத் தெரியாதவங்கதான் அங்கே அதிகம். அவங்க மொழியில பேசுற குரல்தான் போய்ச் சேரும். தொண்டர்கள் ஒலிபெருக்கியோட குடிசை குடிசையா நடந்தாங்க. ஆகஸ்டு கடைசியிலதான் இணையம் திரும்பி வந்தது.

நடுவர் அவர்களே! டாக்டர் இருந்தார், மருந்து இருந்தது. ஆனா நம்பிக்கை வரலையே! சோறு உசிரை வளர்க்கும். சரியான சேதிதான் உசிரைக் காக்கும். ஆகவே, அகதிக்குச் செல்போன் ஆடம்பரமல்ல, அவசியமே! (கைதட்டல்)