லேத்துக்கு ஒரு மூக்குக்கண்ணாடி!

சதுரத்தை வட்டமாக்க ஓர் இயந்திரம் உண்டு. அதற்குப் பெயர் லேத். எங்கள் ஊர்க்காரர்கள் அதைவிடக் கெட்டிக்காரர்கள். இயந்திரமே இல்லாமல் காரியத்தை முடித்துவிட்டார்கள். கன்னியாகுமரியிலிருந்து அஞ்சுகிராமம் போகிற வழியில், கடலோரமாக, மூன்றரை ஏக்கரில் செவ்வகமாக நிற்கிற கருங்கல் கோட்டைக்கு 'வட்டக்கோட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கரண்ட் பில் கிடையாது, கடைசல் கூலி கிடையாது!

அப்பேர்ப்பட்ட ஊரில், வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட சாய்ப்பில், ஒரு சின்ன லேத் வைத்திருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் நாகர்கோவில் ஆபீசில் ஃபைலோடு மல்லுக்கட்டு. சனி, ஞாயிறு இரும்போடு. இரண்டில் இரும்புதான் சீக்கிரம் வழிக்கு வருகிறது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நாற்பது வயது தாண்டும் வரை. அப்புறம் வந்தது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வயதாக ஆக விறைத்துப் போகிறது. சின்னப் பையனாக இருந்தபோது ஏழெட்டு சென்டிமீட்டரில் வைத்துப் படித்த எழுத்தை, இப்போது கையை நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, 'கை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கக் கூடாதா?' என்று கடவுளைக் கேட்டபடி படிக்க வேண்டியிருக்கிறது. இருபத்தைந்து வயதுத் தம்பிகளே, சிரிக்காதீர்கள். உங்களுக்கும் முன்பதிவு ஆகிவிட்டது, வண்டி கொஞ்சம் லேட், அவ்வளவுதான்.

நியூஸ் பேப்பருக்குக் கையை நீட்டலாம். லேத்துக்கு என்ன செய்வது? என் லேத்தின் டயலில் ஒரு கோடு 0.05 மில்லிமீட்டர். டூல் முனை வேலையைத் தொட்டதா, தொடவில்லையா என்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். தெரியவில்லை என்றால் மனிதன் என்ன செய்வான்? குனிவான். இன்னும் கொஞ்சம் குனிவான். அங்கேதான் இருக்கிறது ஆபத்து.

நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறை உண்டு. அங்கே உள்ள ஆசான், வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பையன் சுற்றுகிற சக்குக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனதைப் பார்த்துவிட்டார். மோட்டாரை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"லே மக்கா, கண்ணு போச்சுன்னா கண்ணாடி போடலாம். மூக்கு போச்சுன்னா அந்தக் கண்ணாடிய எதுல மாட்டுவ?"

பட்டறையே சிரித்தது. ஆனால், அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. லேத்துக்கு லென்ஸ் வைப்பது பெரிதாகப் பார்ப்பதற்கு மட்டுமில்லை. தலையைத் தள்ளி வைத்துக்கொள்வதற்கு! இதை மறந்துவிட்டு லென்ஸ் வாங்கினால், இருக்கிற ஆபத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பெரிதாக்கிய கதைதான்.

எந்த லென்ஸ்?

வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்வாரே, அது வேண்டாம். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுகிற லென்ஸின் குவியத் தூரம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். வேலைக்கு அவ்வளவு பக்கத்தில் கண் போக வேண்டும். வாட்ச் முள் மெல்ல நகரும். சக் நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றும். இரண்டும் ஒன்றா?

நமக்கு வேண்டியது பலம் குறைந்த, அகலமான லென்ஸ். 75 மி.மீ. விட்டம், 20 செ.மீ. குவியத் தூரம். கண்ணாடிக் கடைக்காரர் பாஷையில் ஐந்து டயாப்டர். நூறு சென்டிமீட்டரை டயாப்டரால் வகுத்தால் குவியத் தூரம். கணக்கு அவ்வளவுதான்.

இந்த லென்ஸை வேலைக்கு 15 செ.மீ. மேலே நிறுத்துங்கள். உங்கள் கண் லென்ஸுக்கு 30 செ.மீ. மேலே இருக்கட்டும். ஆக, முகத்துக்கும் சக்குக்கும் 45 செ.மீ. இடைவெளி. அங்கிருந்து வெறும் கண்ணால் பார்ப்பதைவிட இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். 'இரண்டுதானா?' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். இன்னொரு லாபமும் இருக்கிறது. லென்ஸ் காட்டுகிற பிம்பம் கண்ணிலிருந்து 90 செ.மீ. தூரத்தில் இருப்பதுபோல் அமையும். வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அந்தத் தூரம் ரொம்பப் பிடிக்கும். சிரமப்படாமல் பார்க்கும்.

வாங்கின லென்ஸ் 20 செ.மீ. தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் பக்கத்தில் சுலபம். காற்றாலைகள் இருக்கின்றன. ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் முன்னால் லென்ஸைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், தூரத்துக் காற்றாலை தலைகீழாக, குட்டியாக, சுவரில் சுற்றும். படம் தெளிவாக விழுந்ததும், சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்தால் முடிந்தது. காற்றாலை இல்லாத ஊர்க்காரர்கள் தென்னை மரத்தைத் தலைகீழாக்கிக்கொள்ளலாம்.

வளையம்

லென்ஸுக்கு ஒரு சட்டம் வேண்டும். ஆக்கர் கடையில் 90 மி.மீ. அலுமினியம் துண்டு எடைக்கு எடை கிடைத்தது. இரும்பு வேண்டாம். எங்கள் கடல் காற்றுக்கு இரும்பு என்றால் பாயசம் மாதிரி. ராத்திரி எண்ணெய் தடவாமல் விட்டால் காலையில் செம்மண் பூசியிருக்கும்.

துண்டை சக்கில் பிடித்து, முதலில் 71 மி.மீ. துளையை முழுக்கப் போட வேண்டும். அப்புறம் ஒரு பக்கத்திலிருந்து 11 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் 75.4 மி.மீ. ஆக அகலப்படுத்த வேண்டும். வளையத்தின் மொத்த அகலம் 16. ஆக, 5 மி.மீ. திண்ணை ஒன்று உள்ளே மிஞ்சும். லென்ஸ் அந்தத் திண்ணையில் உட்காரும்.

ஏன் 0.4 மி.மீ. இடைவெளி? சூட்டிலும் குளிரிலும் அலுமினியம் கண்ணாடியைவிட அதிகமாக நீளும், சுருங்கும். இறுக்கிப் போட்டால் ஒருநாள் 'டிக்' என்று சத்தம் கேட்கும். கடைந்த கையோடு சூடாக இருக்கும்போது அளக்காதீர்கள். ஆறினால் அளவு குறையும்.

ஏன் 16 மி.மீ. அகலம்? லென்ஸுக்கு இரண்டு பக்கமும் மூன்றரை மி.மீ. தொப்பை உண்டு. மேஜையில் கவிழ்த்து வைத்தால் முதலில் தேய்வது தொப்பைதான். மனிதர்களுக்கும் அப்படியே. வளையம் அகலமாக இருந்தால் தொப்பை உள்ளே பத்திரமாக இருக்கும்.

பழைய சைக்கிள் டியூபில் வட்டமாக ஒன்று வெட்டித் திண்ணையில் போடுங்கள். உலோகம் கண்ணாடியைத் தொடக் கூடாது. அதன்மேல் லென்ஸ். அதன்மேல் இன்னொரு டியூப் வட்டம். கடைசியாக, உள்சுவரில் ஒரு சின்னக் காடி போட்டு, ஸ்பிரிங் கம்பியை வளைத்துத் தெறித்து உட்கார வைத்தால் லென்ஸ் அசையாது. துடைக்க வேண்டுமா? கம்பியைக் கழற்றினால் போதும்.

கையும் மூட்டும்

வளையத்தின் பக்கவாட்டில் 5 மி.மீ. ட்ரில் போட்டு, எம்-6 டேப் அடியுங்கள். 10 மி.மீ. எவர்சில்வர் ராடு ஒன்றின் நுனியில் அதே மரை வெட்டி அதில் முறுக்க வேண்டும். ஆறு மி.மீ. தான் உள்ளே போகலாம். அதற்கு மேல் போனால் ராடு லென்ஸை விசாரிக்கப் போய்விடும். பூட்டு நட்டு ஒன்று அவசியம்.

மூட்டுக்கு 20-க்கு 20, நீளம் 40 மி.மீ. அலுமினியக் கட்டை. ஒரு முனையில் இடவலமாக ஒரு துளை, மறு முனையில் முன்பின்னாக ஒரு துளை, இரண்டும் 10 மி.மீ. ஒவ்வொரு முனையிலிருந்தும் துளை வரைக்கும் ஆக்சா பிளேடால் பிளந்து, குறுக்கே எம்-6 போல்ட் போட்டால், திருகும்போது கட்டை ராடைக் கவ்விக்கொள்ளும். போல்ட் தலைக்குப் பித்தளையில் ஒரு குமிழ் கடைந்து, நர்லிங் போட்டேன். எண்ணெய்க் கையிலும் வழுக்காது. வேலை என்று பார்த்தால் அரை மணி நேரம். அழகு பார்த்ததில் ஒரு மணி நேரம்.

ராடு எவ்வளவு நீளம்? முடிந்தவரை குட்டை. நீளத்தை இரட்டிப்பாக்கினால் அதே பாரத்துக்கு வளைவு எட்டு மடங்காகும். கனத்தை 10-லிருந்து 12 மி.மீ. ஆக்கினால் வளைவு பாதியாகும். ஆடுகிற லென்ஸில் பார்ப்பதும், டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு பேப்பர் படிப்பதும் ஒன்றுதான். என் ராடுகள் இரண்டும் 150 மி.மீ. தான்.

அடிப்பாகத்துக்கு டயல் கேஜ் மாட்டுகிற காந்த ஸ்டாண்டு. சுவிட்சைத் திருப்பினால் பிடித்துக்கொள்ளும், மறுபடி திருப்பினால் விட்டுவிடும். அதை எங்கே வைப்பது? பெட்டின் மேல் அல்ல. வார்ப்பிரும்பு சேடிலின் மேல். டூல் நகரும்போது லென்ஸும் கூடவே போகும். டூல் முனை எப்போதும் கண்ணாடிக்கு நடுவிலேயே இருக்கும். வைத்த பிறகு, மோட்டாரைப் போடுவதற்கு முன்னால், சேடிலைக் கையால் சக் வரைக்கும் ஓட்டிப் பாருங்கள். சக்கையும் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சக்கின் தாடை ஸ்டாண்டிலோ வளையத்திலோ உரசாது என்று தெரிந்த பிறகுதான் சுவிட்ச்.

நான்கு எதிரிகள்

முதல் எதிரி மணல். வட்டக்கோட்டைக் கடற்கரையில் கறுப்பு மணல் உண்டு. இந்தக் கரையோர மணலில் இல்மனைட், கார்னெட் எல்லாம் கலந்திருக்கும். கார்னெட் என்பது உப்புத்தாளில் ஒட்டுகிற சாமான். கறுப்புத் துகளை காந்தம் வேறு 'வா, வா' என்று கூப்பிடும். காந்தத்தின் அடியைத் துடைக்காமல் வைத்தால், சேடிலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

இரண்டாவது எதிரி சூரியன். சூரியோதயம் பார்க்க ஊர் ஊராக வருகிறார்கள். எனக்கு அது கிழக்கு ஜன்னல் வழியாக வீடு தேடி வருகிறது. 75 மி.மீ. லென்ஸ் வெயிலை 2 மி.மீ. புள்ளியாகக் குவிக்கும். பரப்பளவில் ஆயிரம் மடங்குக்கு மேல் சுருக்கம். அந்தப் புள்ளி எண்ணெய் படிந்த காட்டன் வேஸ்ட்டில் விழுந்தால் புகையும், பிடித்தால் பட்டறையே போகும். வேலை முடிந்தால் லென்ஸுக்குத் துணியால் ஒரு குல்லா. மறக்கவே கூடாது.

மூன்றாவது, பழைய சோக் வைத்த டியூப்லைட். நம் கரண்டில் அது வினாடிக்கு நூறு முறை மின்னும். மூன்று தாடை சக் நிமிஷத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால், வினாடிக்கு நூறு தாடை கண்முன் கடக்கும். நூறுக்கு நூறு! விளைவு, சுற்றுகிற சக் நிற்பதுபோல் தெரியும். லென்ஸ் வழியாக உற்றுப் பார்க்கிற வேளையில் இந்த மாயாஜாலம் தேவையா? மின்னாத நல்ல எல்.இ.டி. விளக்கு ஒன்றை லென்ஸுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுங்கள்.

நான்காவது எதிரி நம் நினைப்பு. 'முகத்துக்கு முன்னால்தான் கண்ணாடி இருக்கிறதே' என்று பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி வைப்பது. இது பார்க்கிற கண்ணாடி, காக்கிற கண்ணாடி இல்லை. சூடான சுருள் தெறித்தால் ஓரத்தால் வரும். பலமாக அடித்தால் லென்ஸே உடையும். பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் முகத்தில். கையுறை, தொங்குகிற சங்கிலி, வேட்டி மூன்றும் லேத்துக்கு ஆகாது. வேட்டி மரியாதையான உடைதான். ஆனால், சக்குக்கு மரியாதை தெரியாது.

துணிக்கடைக்காரர் செய்த வேலை

'நான் ஆபீஸ் குமாஸ்தா, எனக்கு எதற்கு இதெல்லாம்?' என்கிறீர்களா? ஹாலந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் லீவன்ஹூக் என்று ஒருவர் இருந்தார். துணி வியாபாரி. துணியில் இழை எண்ண வியாபாரிகள் லென்ஸ் வைத்திருப்பார்கள். இவர் தானே சின்னஞ்சிறு லென்ஸ் தேய்த்து, இரண்டு உலோகத் தகட்டுக்கு நடுவே பொருத்தி, முன்னே பின்னே நகர்த்தத் திருகாணி வைத்தார். 1670-களில் அதன் வழியாகத் தண்ணீரைப் பார்த்தபோது, உள்ளே உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. அதுவரை யாரும் பார்க்காத உலகம்! லென்ஸ் மட்டும் போதாது, அது ஆடாமல் நிற்க ஒரு பிடி வேண்டும் என்பது அந்தத் துணிக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

அதே டச்சுக்காரர்களின் கம்பெனியில் இருந்தவர்தான் டிலனாய். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே தளபதியாகி, எங்கள் கோட்டையை எடுத்துக் கட்டியவர். உதயகிரிக் கோட்டையில் அவர் மேற்பார்வையில் பீரங்கி வார்த்திருக்கிறார்கள். ஆக, உலோக வேலை நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல. நாம் பீரங்கி வார்க்கப் போவதில்லை. ஒரு வளையம், இரண்டு ராடு, ஒரு கட்டை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

லேத் இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். வளையத்தை மட்டும் கடைசல் பட்டறையில் கொடுத்து வாங்கிக்கொண்டு மேஜையில் மாட்டினால், ரேடியோ பற்ற வைக்கவும், வாட்ச் பிரிக்கவும் ஆகும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. செய்து முடித்த பிறகு தெருவில் யாருக்கும் காட்டாதீர்கள். எங்கள் தெருவில் காலில் குத்திய முள் எடுக்க ஒருவர், ஊசியில் நூல் கோர்க்க ஒருவர், மாத்திரை அட்டையில் எக்ஸ்பைரி தேதி பார்க்க ஒருவர் என்று சனிக்கிழமை காலையிலேயே வரிசையில் நிற்கிறார்கள். போன வாரம் ஒரு பாட்டி கையை நீட்டி, "ஆயுள் ரேகை எவ்வளவு தூரம் போகுதுன்னு பாத்துச் சொல்லு மக்கா" என்றார்.

பார்த்தேன். இரண்டு மடங்கு நீளமாகவே தெரிந்தது. சொன்னேன். சந்தோஷமாகப் போய்விட்டார்!