பிரஷ் இல்லா மோட்டாரும் அதன் ஆட்சிப் பலகையும்

சித்திரை வெயிலிற் காளையார்கோவிலில் மின்விசிறி இன்றி ஒரு நாழிகை கழித்தலும் அரிது. இப்பொழுது விற்கும் கூரைவிசிறிகளுட் பல, பி.எல்.டி.சி. என வழங்கும் பிரஷ் இல்லா மோட்டார் உடையன. பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் கொள்ளுமிடத்து, இவை 30 வாட் அளவிற் சுழலும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு திங்களில் 27 யூனிட் மிச்சமாம். ஆயின் இவை நின்றுவிட்டாலோ, காயில் கட்டுவதிலும் கண்டென்சர் மாற்றுவதிலும் கைதேர்ந்த மெக்கானிக்கும், "காயில் நல்லாத்தான் இருக்கு தம்பி, போர்டு போச்சு" என்று திருப்பித் தந்துவிடுகின்றார். அந்தப் போர்டு யாது செய்கின்றது என்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்கு இஃது எற்றுக்கு என வினவுவாருளராயின், காற்று எமக்கும் வேண்டும் என்பதே விடை.

பிரஷ் உடைய மோட்டாரில் காந்தம் நிற்கும், கம்பிச்சுருள் சுழலும். சுருளின் முனை தன்னை ஈர்க்கும் காந்தமுனையை அடைந்தவுடன் அங்கேயே நின்றுவிடல் வேண்டும். நில்லாதவாறு, தக்க தருணத்தில் மின்னோட்டத்தைத் திருப்பிவிடுவன கரிப் பிரஷ்ஷும் அது உரசும் செப்புத்துண்டுகளுமே. அவை தேயும், பொறி பறக்கும். பழைய கூரைவிசிறியிற் பிரஷ் இல்லை. அது வேறு வகை. அதன் சுழலும் பகுதியில் நிலையான காந்தம் இன்மையால், மின்னோட்டத்தைத் தூண்டியே அதனைக் காந்தமாக்க வேண்டும். அதில் ஒரு பங்கு வெப்பமாய் வீணாகும்.

புதிய மோட்டாரிற் காந்தம் சுழல, சுருள்கள் நிற்கின்றன. வைக்கோலை முன்னே காட்டி மாட்டை நடத்துவார் போலக் காந்தத்திற்குச் சற்று முன்னதாகவே ஈர்ப்பை நகர்த்திக்கொண்டு செல்ல வேண்டும். சுருள்கள் மூன்று தொகுதி. ஒவ்வொன்றிற்கும் மேலொன்று கீழொன்றாக மாஸ்பெட் என்னும் மின்கதவுகள் இரண்டு, ஆக ஆறு. எளிய முறையில், ஒரு தொகுதி நேர்முனையோடும் மற்றொன்று எதிர்முனையோடும் இணைய, மூன்றாவது வாளா இருக்கும். இம்முறை ஆறு அடிகளில் ஒரு சுற்றாய் மாறி மாறி வரும்.

இங்கே ஒரு பேராபத்து உண்டு. ஒரே தொகுதியின் மேற்கதவும் கீழ்க்கதவும் ஒருங்கே திறந்திருப்பின், மின்னோட்டம் சுருளைத் தொடாமலே நேரே பாய்ந்து இரண்டையும் எரித்துவிடும். கதவு மூடுவதற்கும் சிறிது காலம் செல்லும் ஆதலின், ஒன்றை மூடியபின் மற்றொன்றைத் திறக்குமுன் ஒரு மைக்ரோவினாடி அளவு இடைவெளி விடுவர். கண்ணிமைப்பதற்குள் இலக்கத்துக்கு மேற்பட்ட மைக்ரோவினாடிகள் கழியும். அத்துணைச் சிறு இடைவெளியே பலகையின் உயிரைக் காக்கின்றது.

காந்தம் எங்குள்ளது என்பதைச் சில மோட்டார்களில் ஹால் உணர்விகள் மூன்று அறிவிக்கும். பல விசிறிகளில் அவை இல்லை. காந்தம் சுழலுங்கால் சுருளிற் பிறக்கும் எதிர்மின்னழுத்தத்தைக் கொண்டே பலகை இடத்தை உய்த்துணரும். நின்ற விசிறியில் அவ்வழுத்தமும் இராது. ஆகவே தொடக்கத்திற் குருடன் கோல் ஊன்றுவது போலச் சில அடிகள் வைத்து, வேகம் பிறந்த பின்னரே கண் திறக்கும். சில விசிறிகள் புறப்படும்போது சற்றே தயங்கி அசைவது இதனால்தான்.

இவற்றையெல்லாம் பயில்வதற்கென்றே பயிற்சிப் பலகைகள் உள்ளன. எஸ்.டி. மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ், டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் முதலிய கம்பெனிகள் வெளியிடும் இவற்றுள், கட்டளையிடும் நுண்கணினி, அதன் மூன்று வோல்ட் அளவான மெல்லிய குரலைக் கதவுகள் செவிமடுக்குமாறு பத்து வோல்ட்டிற்கு மேல் உயர்த்தும் இயக்கி, மின்னோட்டத்தை அளக்கும் சிறு தடைகள் ஆகியன அளந்து பார்க்கத்தக்கவாறு அமைந்துள்ளன. சுற்றுப்படமும் மறைவின்றிக் கிடைக்கும். விசிறிக்குள் இருக்கும் பலகையோ, பெரும்பாலும் படமின்றியே வருவது. சிலவற்றை ஈரம் புகாத பசையாலும் மூடிவிடுகின்றனர். மெக்கானிக் கைவிரிப்பதற்குக் காரணம் அவரது அறியாமை அன்று. பார்க்க ஒன்றும் வைக்கப்படாமையே என்பது எம் கருத்து.

ஆயினும் அவர் கையிலுள்ள மல்ட்டிமீட்டரே ஓரளவு போதும். மின்சாரத்தை முற்றும் துண்டித்து, பலகையிலுள்ள பெரிய கண்டென்சர் வெறுமையாயிற்றா என அளந்தறிந்த பின்னரே கை வைத்தல் வேண்டும். அது 300 வோல்ட்டிற்கு மேலும் தேக்கி வைத்திருக்கக்கூடும். பின்னர் மோட்டார்க் கம்பிகளைக் கழற்றிவிட்டு, தனித்தனியாய்த் தெரியும் ஆறு கதவுகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தால், எரிந்தது பெரும்பாலும் இருபுறமும் சுழியத்தை அண்டிய அளவு காட்டும். அதனோடு அதன் இயக்கியையும் ஐயுற வேண்டும். ஒன்று சாகுங்கால் மற்றொன்றையும் உடன்கொண்டு போவது வழக்கம்.