உருக்காமல் கரைக்கும் வித்தை

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துச் சிமெண்ட் சூளைகளில் சுண்ணாம்புக்கல்லை உருக்குகிறார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே சுண்ணாம்பு உருகுவதில்லை, கரைகிறது. கிரெட்டேசியஸ் காலக் கடல் விட்டுச்சென்ற அந்தக் கல், சூட்டில் கரியமில வாயுவை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. அது உருக 2,500 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும். சூளைக்குள் பொருள் எட்டுவதோ ஏறக்குறைய 1,450 பாகைதான். களிமண்ணும் செம்புரைக்கல்லும் கொண்டுவரும் அலுமினாவும் இரும்பு ஆக்சைடும் சுமார் 1,340 பாகையிலேயே சுண்ணாம்போடு கூடி இளகுகின்றன. கலவையில் கால்பங்கு அளவே இருக்கும் இந்தத் திரவத்தில் சுண்ணாம்பு கரைந்து நகர்ந்து, சிலிக்கேட்டோடு சேர்ந்து, சிமெண்டுக்கு வலுவூட்டும் படிகமாகிறது. சமையலறையிலும் இதே கதைதான்: கல்லுப்பு உருக 801 பாகை வேண்டும். ரசத்தில் கரைய அந்தச் சூடு வேண்டியதில்லை.

இதே வித்தைதான் அலுமினியத்தையும் மலிவாக்கியது. அலுமினா உருக 2,072 பாகை வேண்டும். 1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும், ஒருவரையொருவர் அறியாமலே, அதை உருகிய கிரையோலைட் என்ற உப்பில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். இன்றைய மின்பகுப்புக் கலங்கள் சுமார் 960 பாகையில் இயங்குகின்றன. மேட்டூர் அலுமினிய ஆலையில் 1965 முதல் பல ஆண்டுகள் நடந்ததும் இதுவே. உருகிய அலுமினியம் உப்புக் குழம்பைவிடச் சற்றே கனமானது என்பதால் அடியில் தங்குகிறது. மேலே மிதந்திருந்தால் காற்றுப்பட்டு மீண்டும் ஆக்சைடாகியிருக்கும்.

அப்படியானால் இப்படி இளக்கிக் கரைக்க உதவும் பொருளைக் கூட்டிச் சூட்டை இன்னும் குறைக்கலாமே என்று கேட்கலாம். திரவம் மிகுந்தால் சூளையின் உட்சுவரில் கட்டி படியும், செங்கல்லும் அரிபடும். கிரையோலைட்டில் அலுமினியம் ஃபுளோரைடைக் கூட்டினால் உருகுநிலை இறங்கும். கூடவே அலுமினாவைக் கரைக்கும் திறனும் மின்கடத்தலும் இறங்கும். இந்த வரம்பைவிடப் பெரிய மறுப்பு ஒன்று உண்டு, அதை நான் முழுதாக ஏற்கிறேன்: கரைப்பான் சூட்டைத்தான் குறைக்கும், வேதிப் பிணைப்பை உடைக்கும் செலவை அல்ல. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல் எந்தச் சூட்டில் சிதைந்தாலும் 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். எனவே சிமெண்டில், சூளையிலிருந்து வரும் கட்டியான கிளிங்கரின் பங்கைக் குறைத்து, நிலக்கரிச் சாம்பலையோ சுட்ட களிமண்ணையோ சேர்ப்பதே பெரிய பலன் தரும். அலுமினியத்திலோ, அலுமினாவிலிருந்து பிரியும் ஆக்சிஜன் கரி நேர்மின்வாயை அரித்துக் கரியமில வாயுவாகிறது. அதைத் தவிர்க்க எரியாத மின்வாய் வேண்டும். அதற்கு முதலில் தேறும் பொருள்கள் ஆக்சைடுகள்தான். ஆனால் அலுமினாவைக் கரைக்கும் கிரையோலைட் அவற்றையும் மெல்லக் கரைத்துவிடுகிறது.